முதல் டீச்சருக்கு என்ன தகுதி?

அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், கேரளத்தின் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் செய்தி லயம் லயமாகப் பரவிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மருமகள், போடியில் படித்துத் திரும்பிய மகள், கணவனை இழந்து காப்பகத்தில் ஆயா வேலை பார்க்கும் தங்கை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் எழும். கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டாமல், அட்டைக் கடி படாமல், 'டீச்சர்' என்ற மரியாதையோடு செய்யக்கூடிய வேலை அந்த மலையில் பெண்களுக்கு வேறு அதிகம் இல்லை. விண்ணப்பத்தோடு வயதுக்குச் சான்று, படிப்புக்குச் சான்று, உள்ளூரில் குடியிருப்பதற்குச் சான்று என்று தாள்களைத் தேடத் தொடங்குவார்கள்.

அந்தத் தாள்களைப் பற்றியும், எந்தத் தாளிலும் வராத ஒரு தகுதியைப் பற்றியும் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை முதன்முதலாக அம்மாவின் கையை விட்டுவிட்டு இன்னொருத்தியின் கையைப் பிடிக்கிறது. அந்த இன்னொருத்திக்குப் பிள்ளையின் வீட்டு மொழி சரளமாக வர வேண்டும். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தோட்டங்களில் அந்த மொழி தமிழ். இடமலைக்குடி போன்ற பழங்குடிக் குடியிருப்புகளில் முதுவான் மக்களின் பேச்சு. முன்பருவக் கல்விக்கான ஆசிரியைத் தகுதிகளில் இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் நிழலில் மொழியும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவது போதாது.

இந்தக் கோரிக்கைக்கு அரசியலமைப்பிலேயே ஓர் அடித்தளம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்தது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் அன்று கேரளத்தில் நின்றன. அந்த மாநிலப் பிரிவினைக்காகச் செய்யப்பட்ட ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம்தான் 350அ என்ற உறுப்பையும் கொண்டுவந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தருவதற்கு ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அது. தேவிகுளத்துத் தமிழரை மலையாள மாநிலத்தில் வைத்த அதே திருத்தம், அவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாக்குறுதியையும் கையில் கொடுத்தது. தோட்டங்களில் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள் இன்றும் இருப்பதற்கு இந்த வாக்குறுதியே பிடிமானம். ஆனால் 1956இல் தொடக்கக் கல்வி என்றால் ஒன்றாம் வகுப்பு. அதற்கு முந்திய மூன்றாண்டுகளைப் பற்றி அந்த உறுப்பு எதுவும் சொல்லவில்லை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை ஒரே அடித்தளக் கட்டம் என்று வரையறுத்துவிட்டது. கல்வி மூன்று வயதில் தொடங்குகிறது என்றால் 350அ தந்த வாக்குறுதியும் அந்த வயதிலேயே தொடங்கியாக வேண்டும்.

இப்போது தாள்களுக்கு வருவோம். தேவிகுளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை போய் உட்காரும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை: தோட்டக் காப்பகம், அங்கன்வாடி, பள்ளியோடு ஒட்டிய முன்பருவ வகுப்பு. மூன்றுக்கும் மூன்று துறை, மூன்று தகுதி, மூன்று சம்பளம். பிள்ளை மட்டும் அதே பிள்ளை.

இவற்றில் பழையது காப்பகம். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் கட்டாயம் என்றது. 1981இல் செய்த திருத்தம், பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலே போதும் என்று சேர்த்தது. 12ஆம் பிரிவைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். அறையில் இடம் வேண்டும், வெளிச்சமும் காற்றும் வேண்டும், சுத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, குழந்தைகளைப் பராமரிப்பதில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் அந்த அறை இருக்க வேண்டும் என்று முடிக்கிறது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2இல். அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, தோட்டத்துப் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற பெண் வேண்டும் என்று நாடாளுமன்றம் எழுதிவைத்துவிட்டது. அந்த ஒரு சொல் மட்டும் நடைமுறையில் தேய்ந்து தேய்ந்து காணாமல் போயிற்று. கொழுந்தெடுக்க முடியாத அளவுக்கு முதுகு வலி வந்தவர், கால் உடைந்தவர், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே மிச்சமுள்ளவர் ஆகியோரை உட்காரவைக்கும் இடம் என்றே பல தோட்டங்களில் காப்பகம் எண்ணப்பட்டது.

ஆனால் அப்படி உட்காரவைக்கப்பட்டவர்கள் செய்யும் வேலையைக் காலை ஏழரை மணிக்கு ஒரு காப்பகத்து வாசலில் நின்று பார்க்க வேண்டும். பனி கலைந்திருக்காது. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரும் தாய், கம்பளிக் குல்லாயோடு பிள்ளையை நீட்டுவாள். வாங்கும்போதே ஆயா கேட்டுவிடுவாள்: ராத்திரி தூங்கினானா, காய்ச்சல் விட்டுச்சா, காலையில என்ன சாப்பிட்டான். தாய் பதிலைச் சொல்லிக்கொண்டே பாதி தூரம் நடந்திருப்பாள். சற்று நேரத்தில் பிள்ளைகள் விளையாட்டைத் தொடங்குவார்கள். நான்கு வயதுக்காரி ஒருத்தி துண்டை முதுகில் கட்டிக்கொண்டு வேலியோரச் செடியில் இலை கிள்ளுவாள். இரண்டு வயதுக்காரன் அவள் பின்னால் போவான். கிள்ளியதைக் கொண்டுவந்து ஆயாவின் முன்னால் கொட்டுவார்கள். ஆயா கையைத் தராசாக்கி நிறுத்து, "உனக்கு மூணு கிலோ, உனக்கு அஞ்சு கிலோ. யாருக்குக் கூட?" என்பாள். முற்றின இலையைத் தனியே எடுத்துப் போடச் சொல்வாள். "இது முத்தல், இது இளசு" என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளே பிரிப்பார்கள்.

எண், ஒப்பீடு, வகைப்படுத்தல், வரிசை, பேச்சு எல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் நடந்து முடிந்துவிட்டன. 2022 அக்டோபரில் வெளிவந்த அடித்தளக் கட்டத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், விளையாட்டின் வழியே கற்பித்தல் என்று பக்கம் பக்கமாக வலியுறுத்துவது இதைத்தான். ஆயாவிடம் அதற்கான சான்றிதழ் கிடையாது. அவளுடைய தமிழ் இல்லாமல் அந்த விளையாட்டும் கிடையாது. அதே இடத்தில் தமிழ் தெரியாத, பட்டயம் பெற்ற ஒருவரை உட்காரவைத்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள், அழ மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பேச்சு குறைந்துவிடும். பேச்சு குறைந்த இடத்தில் மூன்று வயதுப் பிள்ளை கற்பதும் குறைந்துவிடும்.

இதனால் ஆயாவே போதும், பயிற்சி எதற்கு என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது பிள்ளைகளுக்கும் துரோகம், ஆயாவுக்கும் துரோகம். மூன்று வயதில் இன்னும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை அடையாளம் காணுவது, காது கேளாமையைச் சந்தேகிப்பது, எடை ஏறாததைக் கவனிப்பது, அடம் பிடிக்கும் பிள்ளையை அடிக்காமல் அமர்த்துவது எல்லாமே கற்றுத் தேர வேண்டிய திறன்கள். மூணாறில் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்காக சிருஷ்டி அமைப்பு நடத்தும் டேர் பள்ளி உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளை ஆறு வயதில் போவதா, இரண்டரை வயதில் போவதா என்பதை முடிவுசெய்வது காப்பகத்தில் இருப்பவரின் கண்தான். அந்தக் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும்.

அங்கன்வாடிக்கு வருவோம். கேரளத்தில் நெடுங்காலம் பணியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்றிருந்தது. 2022இல் வந்த சக்ஷம் அங்கன்வாடி, போஷண் 2.0 வழிகாட்டுதல் அதைப் பன்னிரண்டாம் வகுப்பாக உயர்த்தியது. வயது 18 முதல் 35. பணியாளர் இடங்களில் பாதி, ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களுக்குப் பதவி உயர்வாகப் போக வேண்டும் என்றும், மேற்பார்வையாளர் இடங்களில் பாதி அதேபோல் பணியாளர்களுக்கு என்றும் சொன்னது. நல்ல ஏற்பாடு. தோட்டத்துப் பெண்ணுக்கு முதன்முறையாக ஓர் ஏணி தெரிகிறது. ஆனால் காப்பகத்தில் ஆயாவாக இருந்த ஆண்டுகள் இந்த ஏணியில் எண்ணப்படுவதில்லை. அது தொழிலாளர் துறைக் கணக்கு, இது மகளிர்-குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக் கணக்கு.

பள்ளியோடு ஒட்டிய முன்பருவ வகுப்புக்குப் போக விரும்பும் பெண் வேறு வாசலில் நிற்க வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி முன்பருவக் கல்விப் பட்டயம் இரண்டாண்டுப் படிப்பு. சேருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 விழுக்காடு மதிப்பெண். கேரளம் தனியாக முன்தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியும் நடத்துகிறது. அரசுப் பள்ளிகளிலேயே இந்த வகுப்புகள் பலவற்றைத் தொடங்கியது பெற்றோர்-ஆசிரியர் கழகங்கள்தான் என்பதால், அந்த டீச்சர்களின் வேலை நெடுங்காலம் மதிப்பூதியத்துக்கும் போராட்டத்துக்கும் நடுவே ஊசலாடியது. தனியார் மழலையர் பள்ளிகளின் நிலை இன்னும் தளர்வு. சில மாதங்களில் மாண்டிசோரி சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் நிலையங்களில் பணம் கட்டிவிட்டு, அந்தத் தாள் எந்த அரசு வேலைக்கும் செல்லாது என்று பிறகு தெரிந்துகொள்ளும் பெண்கள் மலையிலும் இருக்கிறார்கள், சமவெளியிலும் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

மாண்டிசோரி என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் அவருடைய பயிற்சி வகுப்பு தொடங்கியது. உலகப்போர் மூண்டு இத்தாலி எதிரி நாடாகிவிட, அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் சுமார் இரண்டாண்டு அவர் தங்கியிருந்தது கொடைக்கானலில். மூணாறுக்கு மலை முகடுகளின் வழியே அடுத்த வீடு. அங்கே இலையையும் பூச்சியையும் பூவையும் கொண்டே, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான பாடங்களை அவர் உருவாக்கினார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அதில் உடனிருந்தார். உலகம் முழுக்க இன்று விலை உயர்ந்த பள்ளிகளில் நடத்தப்படும் பாடங்களில் ஒரு பகுதி இந்த மலைத்தொடரின் செடி கொடியைப் பார்த்து எழுந்தது. அதே மலைத்தொடரின் லயத்துப் பிள்ளைக்கு, கீழ்நாட்டுக்கென்று அச்சடித்த சுவர்ப் படத்தில் தென்னையையும் தோணியையும் காட்டுகிறோம். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தென்னைக்கு இடமில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது தேயிலை, சவுக்கு, யூக்கலிப்டஸ், கேரட், காட்டெருமை.

தோட்டத்து அங்கன்வாடிகளில் வேலை செய்யும் டீச்சர்கள் பலரும் அந்தத் தோட்டத்தின் தமிழ்ப் பெண்கள்தானே, பிறகு மொழிக்கு என்ன குறை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளூர்க்காரர் என்ற நிபந்தனையின் நன்மை அது. ஆனால் டீச்சருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் முழுவதும் மலையாளத்தில் ஓடுகிறது. கூட்டம், சுற்றறிக்கை, பதிவேடு, மேற்பார்வையாளரின் கேள்வி எல்லாம் மலையாளம். கொரோனாக் காலத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காக விக்டர்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'கிளிக்கொஞ்சல்' மலையாளம். தமிழ்வழிப் பள்ளியில் படித்து வந்த பெண் இவற்றைத் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்டு, தனக்குள் தமிழாக்கி, பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மேற்பார்வைக்கு வருபவரின் காதில் மலையாளப் பாட்டு விழ வேண்டும் என்பதற்காக, பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாத பாட்டை மனப்பாடம் செய்யவைக்கும் நிலையும் வந்துவிடுகிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கும். பிள்ளை அதிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காது.

நிரந்தரமின்மை இன்னொரு முள். லயம் தோட்டத்தின் வீடு. வேலைக்குப் பேர் பதிந்தவர் ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இன்று குடியிருப்புச் சான்று கொடுத்து அங்கன்வாடியில் சேரும் பெண்ணின் மாமியார் நான்கு ஆண்டில் ஓய்வு பெற்றால் குடும்பம் தேனிப் பக்கமோ உடுமலைப் பக்கமோ இறங்கிவிடும். சாதிச் சான்றுக்கோ, 1950க்கு முன்பே முன்னோர் இந்த மலையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். கங்காணி அழைத்துவந்த கொள்ளுத்தாத்தாவுக்கு யார் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்? தமிழ்நாட்டில் முடித்த படிப்பாக இருந்தால் அதற்குச் சமநிலைச் சான்று வேறு. இப்படி வடிகட்டி வடிகட்டி, மொழியும் தெரிந்து படிப்பும் உள்ள பெண் பல நேரம் விண்ணப்பத்தின் வாசலிலேயே நின்றுபோகிறாள்.

இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கேரளமே காட்டியிருக்கிறது. வயநாட்டில் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த வேகத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கண்ட மாநில அரசு, 2017இல் 'கோத்ரபந்து' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியப் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களை, அவர்களின் மொழி தெரியும் என்ற காரணத்தாலேயே, தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பிள்ளையின் மொழியை ஓர் அரசே வேலைக்கான தகுதியாக எழுதிய நாள் அது. ஐந்து வயதில் வயநாட்டுப் பிள்ளைக்குத் தேவைப்பட்ட பாலம், மூன்று வயதில் தேவிகுளத்துப் பிள்ளைக்கு வேண்டாமா? பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் வடகரைப்பதியிலும் எருத்தேன்பதியிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைக்கு, அட்டப்பாடியின் இருளப் பிள்ளைக்கு வேண்டாமா?

அதே கேரளம் எதிர்ப்பாடம் ஒன்றையும் காட்டியது. 1990களின் இறுதியில் மலைக்குடிகளில் ஓராசிரியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பேருந்து போகாத இடங்களுக்குப் பல மணி நேரம் நடந்து போய், ஒரே அறையில் நான்கு வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்துப் பாடம் சொன்னவர்கள் அந்த ஆசிரியர்கள். 2022இல் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டபோது, இருபது ஆண்டுக்கு மேல் பாடம் சொன்னவர்கள் உட்படப் பலருக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணியே கிடைத்தது. எந்த வேலையும் தாழ்ந்ததல்ல. ஆனால் அத்தனை ஆண்டு அனுபவத்தை ஆசிரியத் தகுதியாக மாற்றித் தர ஓர் இரண்டாண்டுப் பயிற்சியை வழியிலேயே கொடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் ஒருவருக்கும் வரவில்லை. இன்றைய காப்பக ஆயாக்களுக்கும் அங்கன்வாடி உதவியாளர்களுக்கும் நாளை இது நடக்கக் கூடாது.

இடமலைக்குடியைத் தனியே குறிப்பிட வேண்டும். 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் முதுவான் குடிகள். மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்வழி மரபு. அவர்கள் பேச்சு மலையாளத்தைவிடத் தமிழுக்கு நெருக்கம். அங்கே வெளியூரிலிருந்து எவரை நியமித்தாலும் மழைக்காலத்தில் தங்குவது கடினம். குடியில் பிறந்த பெண்ணைத்தான் டீச்சராக வளர்க்க வேண்டும். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கக் காத்திருந்தால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடந்துபோவார்கள். ஆகவே வேலையில் அமர்த்தி, வேலையோடு படிக்கவைத்து, தகுதியைப் பின்னால் சேர்க்கும் வழிதான் அங்கே செல்லும்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் செய்ததும் இதுதான். தங்கள் மொழி அழிந்துகொண்டிருந்த நிலையில் 1982இல் 'கோஹாங்கா ரேயோ' என்ற மொழிக்கூடுகளைத் தொடங்கினார்கள். சான்றிதழ் இல்லாத, ஆனால் மொழி நிறைந்த பாட்டிமார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். அதோடு நிற்காமல், அதை நடத்திய அறக்கட்டளை தங்கள் மொழியிலேயே மூன்றாண்டுப் பயிற்சியை வகுத்து, அரசின் அங்கீகாரத்தையும் பெற்றது. நம் பக்கத்திலேயே, இலங்கை மலையகத்தின் 'பிள்ளைக் காம்பரா'க்களும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறி, பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அங்கேயும் குறைகள் உண்டு. ஆனால் காப்பகத்தில் இருப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறைக் கேள்வியாகிவிட்டது.

இந்தியாவின் அங்கன்வாடிக்கே வேர் இத்தகைய இடத்தில்தான் இருக்கிறது. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945இல் மகாராஷ்டிரக் கடலோரத்து போர்டியில் பாலர் கல்வி தொடங்கியபோது, சேரிப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் மையத்துக்கு வரவில்லை. டீச்சர்கள் குடியிருப்புக்குப் போய், வீட்டு முற்றத்திலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தார்கள். முற்றத்துக்குப் போன டீச்சர் அந்த முற்றத்தின் பேச்சையும் பேச வேண்டியிருந்தது.

எதிர்வாதம் ஒன்றைத் தட்டிக் கழிக்க முடியாது. தோட்டத்துப் பெற்றோர் பலர் தமிழ் வேண்டும் என்று கேட்பதில்லை. பிள்ளை மலையாளம் பேச வேண்டும், அதைவிட ஆங்கிலம் பேச வேண்டும் என்கிறார்கள். கடன் வாங்கி ஜீப்புக்குக் கட்டணம் கட்டி, மூணாறு நகரத்து ஆங்கில மழலையர் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் நினைப்பதில் உண்மை இருக்கிறது. கேரளத்தில் வேலை வேண்டுமானால் மலையாளம் வேண்டும். மலையாளம் வராததால் மருத்துவமனையிலும் கிராம அலுவலகத்திலும் பட்ட அவமானம் அவர்களுக்குத்தான் தெரியும். 2017இல் வந்த சட்டம் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே நான் கேட்பது மலையாளம் தெரியாத டீச்சரை அல்ல. இரண்டும் தெரிந்த டீச்சரை. பிள்ளையைத் தமிழில் பேசவிட்டு, கதை சொல்லவிட்டு, சண்டை போடவிட்டு, அந்தத் தெம்பின் மேல் மலையாளத்தைப் பாட்டாகவும் விளையாட்டாகவும் ஏற்றக்கூடிய டீச்சரை. அது தோட்டத்துப் பெண்ணால்தான் முடியும். அவள் லயத்தில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசியே வளர்ந்தவள்.

சம்பளத்தைப் பேசாமல் தகுதியைப் பேசுவது அநியாயம். அங்கன்வாடிப் பணியாளருக்கு வேலை பாடம் சொல்வது மட்டும் அல்ல; ஊட்டச்சத்து, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு அழைத்து வருதல், கர்ப்பிணிகளின் கணக்கு, கைப்பேசியில் போஷண் டிராக்கர் பதிவு எல்லாம் அவள் தலையில்தான். மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆனது, உதவியாளருக்கு 2,250. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. கேரளம் தன் பங்கைச் சேர்த்துப் பல மடங்காக்கித் தருகிறது என்பது உண்மை. அப்படியிருந்தும் 2025 மார்ச்சில் அங்கன்வாடிப் பணியாளர்கள் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார வேண்டியிருந்தது. அவர்கள் இன்னமும் மதிப்பூதியத் தொண்டர்கள்தான், ஊழியர்கள் அல்லர். 2022 ஏப்ரல் 25ஆம் தேதி, குஜராத் அங்கன்வாடிப் பெண்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அங்கன்வாடியில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடப்பது கல்விப் பணியே என்றும் அந்தத் தீர்ப்பு ஏற்றது. கல்விப் பணி என்றால் செய்பவர் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு, பட்டயம், பயிற்சி என்று தகுதியை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போய், சம்பளத்தைத் தொண்டூழியமாகவே வைத்திருந்தால், தகுதி பெற்ற பெண் அந்த வேலையில் நிற்க மாட்டாள். திருப்பூருக்குப் போய்விடுவாள்.

பயிற்சியின் அளவும் சரியில்லை. தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்று சொன்னது. 2023 மே மாதம் தொடங்கிய 'போஷண் பீ, படாய் பீ' திட்டத்தில் நடந்ததோ சில நாள் பயிற்சி. அதுவும் தமிழில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

எனவே என் கோரிக்கைகள் இவை. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகள் மிகுதியாக உள்ள அங்கன்வாடிக்கும் முன்பருவ வகுப்புக்கும் தமிழ் பேசத் தெரிவதை அறிவிப்பிலேயே தகுதியாக எழுத வேண்டும். நேர்காணலில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, விண்ணப்பதாரரைப் பத்து நிமிடம் பேசவிட்டுப் பார்க்க வேண்டும். முதுவான் குடிகளுக்கு முதுவான் பேச்சு. கல்விக் கொள்கை சொன்ன அந்த ஆறு மாதச் சான்றிதழை மூணாறிலேயே, தமிழும் மலையாளமும் கலந்த வகுப்பாக, மதிப்பூதியம் நிற்காமல் நடத்த வேண்டும். தமிழ்நாடு தன் அங்கன்வாடிகளுக்காகத் தயாரித்த தமிழ்க் கதை, பாட்டு, படப் பொருட்களைக் கேட்டால் கொடுக்காமல் இருக்காது. முல்லைப் பெரியாறு பற்றிப் பேச உட்காரும் இரு மாநிலங்களும் இதற்கும் ஒருமுறை உட்காரலாம்.

இன்னொன்று தோட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். 1951 சட்டத்தின் இடத்தில் இப்போது 2020இன் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்பகக் கடமை அதிலும் தொடர்கிறது. அதன் கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளில், காப்பகத்தில் இருப்பவர் பயிற்சி பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும் என்ற பழைய வாசகத்தைத் தெளிவாகவும், எத்தனை நாள் பயிற்சி, யார் தர வேண்டும், யார் செலவு என்பதோடும் எழுத வேண்டும். காப்பகத்தில் வேலை செய்த ஆண்டுகளை அங்கன்வாடி உதவியாளர் அனுபவத்துக்குச் சமமாக எண்ண வேண்டும். 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் திரண்ட தோட்டப் பெண்கள் மூணாறு வீதியில் உட்கார்ந்து நாள் கூலியை 232இலிருந்து 301 ரூபாய்க்கு நகர்த்தினார்கள். கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் மேசையில் காப்பகப் பயிற்சியையும் ஓர் அம்சமாக வைக்க எந்தத் தொழிற்சங்கத்துக்கும் தடை இல்லை. தொழிலாளர் துறையும் மகளிர்-குழந்தைகள் மேம்பாட்டுத் துறையும் சேர்ந்து ஓர் உத்தரவு போட்டால், இருபத்திரண்டு வயதில் காப்பகத்தில் ஆயாவாகச் சேரும் பெண் இருபத்தெட்டில் அங்கன்வாடி டீச்சராகவும் முப்பத்தைந்தில் மேற்பார்வையாளராகவும் ஆகலாம். அதற்கு வேண்டிய விதிகளில் பாதி ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கின்றன.